சோளகத்திலிருந்து ஒரு பதில்

ஞாயிற்றுக்கிழமை காலையில் லாமியா இடியாப்பத்துக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது போன் அதிர ஆரம்பித்தது. ஒன்றிரண்டு தடவை அதிர்ந்து நின்றால் அவள் நடத்துகிற தளத்தின் பாஸ்வேர்டை யாரோ மறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பாம்பனில் பாஸ்வேர்டை மறக்காத ஆளை அவள் இன்னும் பார்த்ததில்லை. ஆனால் இது நிற்கிற மாதிரி தெரியவில்லை. அடுப்பு மேடையில் அதிர்ந்து அதிர்ந்தே நகர்ந்து, உப்புச் சாடியில் போய் முட்டிக்கொண்டு நின்றது. மாவுக்கையோடு எட்டிப் பார்த்தாள். எல்லாம் அவள் வீட்டுக்காரன் அப்துல் ஹாதி போட்ட ஒரு படத்துக்கு வந்த பதில்கள். அந்த ஆள் வருஷத்துக்கு ஒரு படம் போட்டாலே அதிசயம். அதையும் அவளைத் தவிர யாரும் சட்டை செய்யமாட்டார்கள். இன்றைக்கு என்னவோ ஊரே திரண்டு வந்திருந்தது. இந்த ஊர் மட்டுமில்லை என்பது ஒவ்வொன்றாகப் படித்தபோதுதான் தெரிந்தது.

விடியற்காலையில் கடலிலிருந்து வந்ததும் ஹாதி கொல்லையில் ஒரு வலைப் பொதியைப் போட்டுப் படம் பிடித்திருந்தான். நண்டு வலை. பாதிக்கு மேல் கிழிந்து, பாசி அப்பிக் கிடந்தது. ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டிச் செய்த நீல மிதவைகள். ஒவ்வொன்றிலும் கம்பியைக் காய்ச்சிச் சின்னதாக ஒரு சிலுவை சுட்டிருந்தது. 'கண்டெடுத்த வலை. உடையவர் வந்து வாங்கிக்கொள்ளவும்' என்று கீழே எழுதியிருந்தான். நாட்டுப்படகுக்காரர்களிடம் காலங்காலமாக உள்ள பழக்கம் அது. மிதந்து வரும் வலையைக் கண்டவன் அதைக் கரையில், மிதவை தெரிகிற மாதிரி போட்டுவைக்க வேண்டும். உடையவன் தன் அடையாளத்தைப் பார்த்து எடுத்துப்போவான். கண்டெடுத்தவனுக்கு ஒரு டீ, அவ்வளவுதான். ஹாதி போன சீசன் வரைக்கும் நாட்டுப்படகில் போனவன். இப்போதுதான் விசைப்படகில் ஏறியிருக்கிறான். பழக்கம் போகவில்லை. சிலுவையைப் பார்த்ததும், தங்கச்சிமடத்து ஆட்களுடையது என்று முடிவுகட்டிவிட்டான். லாமியாவும் அப்படியே நினைத்தாள். தங்கச்சிமடத்தில் எல்லோரும் பூசைக்குப் போயிருப்பார்கள், திரும்பி வந்ததும் கண்ணில் படட்டும் என்று, தன்னுடைய 'வாடை' தளத்தின் பொதுக்கணக்கிலிருந்து அதைப் பரப்பியும் விட்டாள். அந்தப் பொதுக்கணக்கைப் பின்தொடர்கிறவர்கள் இந்தக் கரையில் மட்டும் இல்லை என்பது அடுப்படி அவசரத்தில் அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

முதல் பதில் இலங்கையில் மன்னார்ப் பக்கம் பேசாலையிலிருந்து வந்திருந்தது. எழுதியவர் ஞானசீலன் லெம்பேட்.

'இது என்ர வலை தம்பி. சிலுவை போட்டது என்ர மகள். நேற்றுப் பின்னேரம் எங்கட கரைக்குக் கிட்டத்தான் விட்டனான். இரவு உங்கட ரோலருகள் வந்து போனது. வலை கிடைச்சது பெரிய சந்தோசம். எந்தப் படகு எண்டு சொல்லுவீங்களோ?'

அதற்குக் கீழேதான் ரகளை. அந்தக் கரைக்காரர்கள், கள்ளனே தன் வாயால் ஒப்புக்கொண்டுவிட்டான், நம்பரைச் சொல்லுங்கோ என்று எழுதியிருந்தார்கள். இந்தக் கரைக்காரர்கள், வலை தானாக மிதந்து வந்தது, கடலுக்கு வேலியா போட்டிருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். அப்புறம் இரண்டு பக்கமும் அம்மா அப்பாவை இழுக்க ஆரம்பித்திருந்தார்கள். வலையைக் கண்டெடுத்ததாகச் சொல்வது நல்ல மனிதன் செய்கிற காரியம். ஆனால் அவர் ரோலர் என்கிற விசைப்படகில் போனவன் அந்தக் கரையின் வலையைக் கண்டெடுத்ததாகச் சொன்னால், தன் படகு எல்லையைத் தாண்டிப் போய் அடுத்தவன் வலைமேல் இழுவைமடியை, அதன் கனத்த பலகைகளோடு, இழுத்தது என்று பத்திரத்தில் எழுதிக் கொடுத்த மாதிரிதான்.

'வாடை' அவள் ஆரம்பித்தது. அதற்கு முன்னால் எல்லோரையும் போல ஒரு பெரிய கம்பெனியின் தளத்தில்தான் மீனவர் பக்கம் ஒன்றை நடத்திவந்தாள். கடலில் அடிபட்டு வந்த ஒருவனின் முதுகைப் படம் பிடித்துப் போட்டதற்கு, வன்முறையைப் பரப்புகிறீர்கள் என்று ஓர் இயந்திரம் அந்தப் பக்கத்தையே மூடிவிட்டது. இவள் எத்தனையோ தடவை எழுதிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் நன்றி சொல்லி அதே பதில் வந்தது. அந்த ஆத்திரத்தில்தான், கூடப் படித்த கடலாடிக் கவிப்ரியாவிடம் கேட்டுக் கற்றுக்கொண்டு, யாருக்கும் சொந்தமில்லாத முறையில் ஓடுகிற இந்தத் தளத்தைப் போட்டாள். ஊர்க்காரர்களுக்கு அதை விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஒரே பெரிய மண்டபத்தில் எல்லோரும் உட்காராமல், ஆளாளுக்கு ஒரு வீடு கட்டிக்கொள்வது. வீட்டுக்கு வீடு வாசல் திறந்திருக்கும் வரை பேச்சு போகும், வரும். எந்த வீட்டையும் வெளியிலிருந்து ஒருத்தன் வந்து பூட்ட முடியாது. இவர்கள் வீட்டுக்கு வாடைக்காற்றின் பெயரை வைத்தார்கள். மறு வருஷமே அந்தக் கரையில் ஒரு வீடு முளைத்தது. அவர்கள் 'சோளகம்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். தெற்கிலிருந்து வரும் எதிர்க்காற்று!

லாமியா கையைக் கழுவிவிட்டு உள்ளே போனாள். ஹாதி குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"மச்சான், அந்த வலைய எங்கன எடுத்தீங்க?"

"எடுக்கல. பலகையில சிக்கி வந்துச்சு."

"எங்கன?"

அவன் திரும்பிப் படுத்துக் கூரையைப் பார்த்தான். "அங்கனதான்."

"அறுத்துக் கடல்லயே விட்டுட்டு வரவேண்டியதுதானே? எல்லாரும் அதத்தானே செய்றாக."

"ஹாஜா முகைதீன் காக்காவும் அறுக்கத்தான் சொன்னாரு. அவருதானே டிரைவரு. நான்தான் மிதவையப் பாத்துட்டு, மடத்து ஆளுகளுதாத்தான் இருக்கும்னு கொண்டாந்தேன். போறப்ப நம்ம கரையிலயே சிக்கி, இழுபட்டு வந்திருக்கும்னு நெனச்சேன். அடுத்தவன் ஹக்கு புள்ள, அவனுக்குச் சேர வேண்டியது. அத எப்பிடி அறுத்து விடுறது?"

அவள் போனை நீட்டினாள். அவன் உட்கார்ந்து படித்தான். படிக்கப் படிக்க முகத்தில் தூக்கமெல்லாம் போய்விட்டது. எழுந்து லுங்கியை இறுக்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் போனவன், அந்த வலைக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். இவனைக் கட்டிக்கொண்டதற்குக் காரணமே இந்தக் கள்ளமில்லாத குணம்தான். இப்போது அதை நினைத்து அழுவதா சிரிப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

இடியாப்பம் வெந்து இறங்குவதற்குள் சதக்கத்துல்லா வந்துவிட்டார். லாமியாவுக்குத் தாய்மாமன், ஹாதி ஏறிப்போகிற படகு அவருடையது. அவருக்கு இரண்டு படகுகள். ஒன்றைப் போன வருஷம் அந்தக் கரைக் கடற்படை பிடித்து வைத்துக்கொண்டது. ஆட்கள் வந்து சேர்ந்தார்கள், படகு வரவில்லை. மிச்சம் இருப்பது இந்த ஒன்றுதான். வெயிலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வந்தவர், நாற்காலியில் உட்காராமல் நின்றார். கோபம் வந்தால் அவர் கத்தமாட்டார்; மரியாதை கூடிவிடும். தூக்கி வளர்த்த மருமகளை இன்றைக்கு 'நீங்க' என்றார்.

"லாமியாம்மா, நீங்க படிச்சவங்க. அந்தப் படத்த அழிச்சிருங்கம்மா."

"அழிக்கலாம் மாமா. நம்ம பக்கம் போயிரும். அந்தப் பக்கத்துக்கு, இத அழிச்சிருங்கன்னு ஒரு சேதி போகும். அவுக அழிச்சாத்தான் உண்டு. அதுக்குள்ள எத்தன பேரு எடுத்து வச்சிருக்காகளோ."

"அப்ப இதுக்கு முதலாளி யாரு? யார்ட்டப் பேசணும்?"

"முதலாளின்னு யாரும் இல்ல மாமா."

"யாருமில்லாத சாமான எதுக்கும்மா வீட்டுக்குள்ள வச்சிருக்கீங்க?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் கெட்டுவிடும் என்று தட்டை எடுத்து வைத்தாள். அவர் தட்டைப் பார்க்கவில்லை.

"சரி, அழிக்க முடியாது. கதவச் சாத்தலாம்ல? அந்தச் சோளகத்த மொத்தமா வெட்டி விட முடியும்னு நீங்கதானே ஒருநாள் சொன்னீங்க. அவுக எழுதுறது நமக்கு வரக்கூடாது, நம்ம எழுதுறது அவுகளுக்குப் போகக்கூடாது. நம்பர் நம்பர்னு கேக்குறதுக்கு நம்ம ஆளுகள்லயே எவனாச்சும் சொல்லித் தொலைப்பான். நம்பரு போச்சுன்னா போட்டு போச்சு. எனக்கு வேற போட்டு இல்ல." அவர் கொல்லைப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "நாளைக்குத் திங்கக்கெழம, போட்டு தொழிலுக்குப் போகும். மாப்பிள்ள ஏறணுமா வேணாமான்னு நீங்களே சொல்லிருங்கம்மா."

வேலைக்கு வைக்கிற வேட்டு என்பது லாமியாவுக்குப் புரிந்தது. ஹாதியை இறக்கிவிட்டால் இந்தக் கரையில் வேறு யாரும் ஏற்றமாட்டார்கள். வலையைக் கொண்டுவந்து ஊரைக் காட்டிக் கொடுத்தவன் என்ற பெயர் ஒட்டிக்கொள்ளும். நாட்டுப்படகை விற்றாகிவிட்டது, திரும்பிப் போக வழியில்லை. மாமா அநியாயமாகவும் கேட்கவில்லை. அவர் பயம் நியாயமான பயம். வாடையின் விதிகளை எழுதியவள் இவள்தான்: மிரட்டலையும், பொய் என்று தெரிந்ததையும் எடுத்துவிடுவோம், பிடிக்கவில்லை என்பதற்காக எதையும் எடுக்கமாட்டோம். ஜமாஅத்துத் தலைவரைக் கிண்டல் செய்து எழுதியபோதும், சங்கத்துக்காரர்களைக் கேள்வி கேட்டு எழுதியபோதும், எடு எடு என்று வந்தவர்களிடம் அந்த விதியைக் காட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. மற்றவர்களுக்கு வலித்தபோதெல்லாம் நியாயமாக இருப்பது சுலபமாகத்தான் இருந்தது.

"சாத்துனா எல்லாத்துக்கும் சாத்துன மாதிரி மாமா," என்றாள். "அன்னைக்கி நம்ம ஆளுகளப் புடிச்சப்ப, ஆபீசுக்குப் போனாலும் சேதி இல்ல, சங்கத்துக்குப் போனாலும் இல்ல. சோளகத்துலதான் மொதல்ல வந்துச்சு. பிள்ளைகள் சுகம், சாப்பாடு குடுத்திருக்கு, ஒருத்தருக்கு மட்டும் காய்ச்சல்னு. மாரிச்செல்வி அக்கா அதப் படிச்சிட்டுத்தான் ஒரு வாய் தண்ணி குடிச்சுச்சு. அது மகனுக்குத்தான் காய்ச்சலு."

"அடுத்த தடவ பிடிக்காம இருக்குறதுக்குத்தாம்மா நான் வழி சொல்றேன்."

லாமியா மடிக்கணினியை எடுத்துவந்து சாப்பாட்டு மேசையில் வைத்துத் திறந்தாள். அவர் பின்னால் வந்து நின்றார். நிர்வாகப் பக்கத்துக்குப் போய், சோளகத்தின் முகவரியைக் கொடுத்து, துண்டிப்பதற்கான இடத்தைத் தொட்டாள். உடனே வெட்டிவிடுகிற இயந்திரம் இல்லை அது. இன்னின்னாருக்கு இடையில் உள்ள தொடர்பெல்லாம் அறுந்துபோகும், பிறகு சேர்க்க முடியாது, நிச்சயம்தானா என்று கேட்டு, அறுந்துபோகப் போகிறவர்களின் பெயர்களை வரிசையாகக் காட்டியது. மாரிச்செல்வி இருந்தாள். பிடிபட்டு வந்தவர்களின் வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். அவர்களுக்கு நடுவில், படமில்லாத ஒரு கணக்கு. சதக்கத்துல்லா.

லாமியா அதைத் தொட்டுப் பார்த்தாள். சேர்ந்த நாளிலிருந்து ஒரு வரி எழுதியதில்லை. இவளுடைய கணக்கைக்கூட அவர் பின்தொடரவில்லை. உலகத்தில் அவர் பின்தொடர்வது ஒரே ஒருவரை: ஞானசீலன் லெம்பேட்.

அந்த மனிதர் அப்படி என்னதான் எழுதுகிறார் என்று போய்ப் பார்த்தாள். நண்டு விலை, மகள் பாடுகிற ஒரு காணொளி, தேவாலயத்துத் தோரணம். இடையிடையே, துறையில் கட்டிப்போட்டிருக்கும் ஒரு நீலப் படகின் படம். வண்ணம் உரிந்து, மேல்தளத்தில் காக்கை எச்சம் படிந்து, ஒவ்வொரு படத்திலும் இன்னும் கொஞ்சம் தாழ்ந்து கிடந்தது. போன வாரப் படத்தில் இரண்டு பேர் அதற்குள் நின்று வாளியால் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். 'மழைக்குத் தண்ணி ஏறிப்போச்சு. நானும் தம்பியும் காவலில நிண்ட பொடியனிட்டக் கேட்டுப் போய் இறைச்சு விட்டம். ஆரின்ர படகெண்டாலும் தாழ விடேலாதுதானே' என்று எழுதியிருந்தார்.

லாமியா திரும்பி மாமாவைப் பார்த்தாள். அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"இது நம்ம போட்டுதான்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மாமா?"

"விடியல்ல சுபுஹ் தொழுதுட்டு வந்தா மொத வேல அதான்," என்றார். "உன் மாமிக்குக்கூடத் தெரியாது. எப்ப போட்டோ போடுவாருன்னு இருக்கும். சில நாளு போடமாட்டாரு. அன்னைக்கிப் பூரா ஒண்ணும் ஓடாது."

"இப்ப வெட்டுனா, அதையும் பாக்க முடியாது."

"தெரியும்மா. தெரிஞ்சுதான் வந்தேன். இருக்குற போட்ட வச்சுத்தானே பொழைக்கணும்? போன போட்டப் பாத்துக்கிட்டு இருந்தா வயிறு நெறையுமா?"

சொல்லிவிட்டு அவர் கொல்லைக்குப் போனார். லாமியா துண்டிக்கும் பக்கத்துக்குத் திரும்பினாள்; நிச்சயம்தானா என்று கேட்ட பொத்தான் அப்படியே திரையில் நின்றது. மேசையில் கையை வைத்தபடி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஹாதி வலையைப் பிரித்து, பாசியை உதறி, கிழியாத பாகத்தை ஒரு பக்கமாக மடித்துப் போட்டுக்கொண்டிருந்தான். முதலாளி வந்து நின்றதும் எழுந்துகொண்டான். சதக்கத்துல்லா குனிந்து கிழிசலின் ஓரத்தைக் கையில் எடுத்தார். முப்பது வயது வரைக்கும் அவரும் அடுத்தவன் படகில் வலை இழுத்தவர்தான். கண்ணியை விரலால் நீவிப் பார்த்தார். பாறையில் கிழிந்தால் பிசிறு பிசிறாக இருக்கும். இது நீளவாக்கில் ஒரே இழுப்பாகப் போயிருந்தது.

"நம்ம பலகைதான்," என்றார்.

"ஆமா மாமா," என்றான் ஹாதி.

"எத்தன கட்டு வலை விட்டிருப்பாரு அந்தாளு?"

"இது ஒண்ணுதான் சிக்குச்சு. மத்தது அங்கனயே அறுந்து போயிருக்கும்."

அவர் வலையைக் கீழே போட்டுவிட்டுக் கையைச் சட்டையில் துடைத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தபடி உள்ளே வந்தார்.

"பதில் எங்கன போடணும்?"

லாமியா காட்டினாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார். ஒரே விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். பாதியில் நிறுத்தி, "அந்தாளு ஏசலையே," என்றார். "எல்லாரும் ஏசுறானுக. அவரு கேள்விதான் கேட்டிருக்காரு." மறுபடி அடித்தார். முடித்ததும், அனுப்புகிற இடத்தின் மேல் விரலைக் கொண்டுபோனார். போனை அவள் பக்கம் நீட்டினார்.

"சரியா இருக்கான்னு பாத்து நீயே அனுப்பிரு."

அவள் வாங்கிக்கொண்டாள். அவர் இடியாப்பத் தட்டைத் தன் பக்கம் இழுத்து, சாப்பிடாமல், அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

'படகு என்னுடையது. என் பெயர் சதக்கத்துல்லா, பாம்பன்' என்று எழுதியிருந்தது. அடுத்த வரியில் படகின் நம்பர், எழுத்தும் இலக்கமும் ஒன்றுகூடத் தப்பாமல். அதற்கடுத்து, 'நீங்கள் தண்ணீர் இறைத்ததும் என் படகுதான்.' அவ்வளவுதான்.

இதை அனுப்பினால் அந்தக் கரையில் அத்தனை பேருக்கும் நம்பர் தெரிந்துவிடும். கடலில் காவல் நிற்கிற கடற்படைக்காரர்களுக்கும் தெரிந்துவிடும். அனுப்பிய பிறகு அழிக்கலாமா என்றால், அழிக்க முடியாது என்று இதே மேசையில் சற்று முன்னால் சொன்னவள் அவள்தான். நாளைக்குப் போகிற படகில் ஹாதி இருப்பான். இவர் இனி அவனை இறக்கிவிட மாட்டார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. இறக்கிவிட்டால் தேவலை என்று நினைத்தாள். அந்த நினைப்பு வந்ததும் அவளுக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் யாருடைய வார்த்தையையும் அழிக்க அவள் ஆசைப்பட்டதில்லை. இந்த மூன்று வரிகளை அழிக்க வேண்டும் போல விரல் பரபரத்தது. நெட் இல்லை மாமா, போகவில்லை மாமா என்று ஒரு பொய் சொன்னால் அவர் நம்பிவிடுவார். ஒருவேளை, அப்படி ஒரு பொய்யைத்தான் அவர் எதிர்பார்க்கிறாரோ என்னவோ.

கொல்லையில் ஹாதி ஒரு மிதவையைப் பாசி போகத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது.

திரை மங்கியது. லாமியா, அனுப்புகிற இடத்தில் படாமல், ஓரத்தில் லேசாகத் தொட்டாள். வெளிச்சம் வந்தது, மூன்று வரிகளும் அப்படியே இருந்தன. கொஞ்ச நேரத்தில் மறுபடி மங்கியது. அணைந்துவிடாமல் மறுபடி தொட்டாள்.